ஒப்பரேஷன் மாங்கல்யம்

மோசமான கதைகளை வாசிப்பதற்காகத்தான் கஜனிக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பாரிஸில் ஒரு படத் தயாரிப்பு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வந்து குவியும் திரைக்கதைகளை வாசித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்க அறிக்கை எழுத வேண்டும். யாருக்கு என்ன வேண்டும், அதைக் கிடைக்கவிடாமல் தடுப்பது யார், கதை எந்த இடத்தில் படுத்துவிடுகிறது, முடிவு கதைக்குள்ளிருந்து வருகிறதா, ஆகாயத்திலிருந்து விழுகிறதா. கடைசி வரியில் ‘எடுக்கலாம்’, ‘திருத்தி எழுதட்டும்’, ‘வேண்டாம்’ என்ற மூன்றில் ஒன்று. அவள் கையால் ‘எடுக்கலாம்’ வாங்கியவர்கள் மிகக் குறைவு. உளவாளிப் படம் என்றால் முதல் பக்கத்திலேயே அவளுடைய உதடு கோணிவிடும். அவள் வாசித்த உளவாளிகள் எல்லோரும் கூரையிலிருந்து குதித்தார்கள், கண்ணாடியை உடைத்தார்கள், ஓடும் ரயிலில் ஏறினார்கள். ஒருவனாவது ஓரிடத்தில் பேசாமல் இருந்து உளவு பார்த்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

அப்படிப்பட்டவளுக்கு, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனே ஓர் உளவாளிப் படத்தை எழுதி அனுப்பினான்.

அவன் பெயர் கிருஷிகன். பாரிஸை ஒட்டிய ஆர்ஜொந்தெயில் தாய் தகப்பனோடு இருந்தான். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம். சொந்தக்காரர் மூலம் வந்த சம்பந்தம். பார்க்க வடிவான பொடியன், குடியில்லை, பகிடியாகக் கதைப்பான். இன்னொரு புறநகரான பொண்டியில் கஜனியும் தாய் இந்திராதேவியும் இருந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் லாச்சப்பலில் இறங்கித் தமிழ்க் கடையில் பலகாரம் வாங்கிவருவான். தகப்பன் காலமான வீடு என்பதால் அவன் வந்து சோபாவில் இருந்து சிரிப்பதே இந்திராதேவிக்கு ஆறுதலாக இருந்தது. மோதிரம் மாற்றி, மண்டபமும் எடுத்தாகிவிட்டது. கஜனிக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது, அந்தத் திரைக்கதை அவளுடைய கைபேசிக்கு வந்து சேரும்வரை.

இப்போதெல்லாம் கலியாண மண்டபத்துக்குள் மணமக்கள் நுழையுமுன் பெரிய திரையில் அவர்களைப் பற்றி ஒரு படம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு வசதியில்லை என்று சனம் நினைக்கும். கிருஷிகனின் மச்சான் ஒருவன் குதிரையில் வந்திருந்தான். இன்னொருவன் ஐஃபெல் கோபுரத்துக்குக் கீழே பாட்டுப் பாடியிருந்தான். இவற்றையெல்லாம் தூக்கி எறிகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கிருஷிகன் தீர்மானித்தான். அதற்கு அவன் வைத்த பெயர் ‘ஒப்பரேஷன் மாங்கல்யம்’.

கதை இதுதான். கிருஷ் ஓர் உளவாளி. எந்த நாட்டுக்கு என்பது சொல்லப்படவில்லை. அவனிடம் ஒரு ‘சிப்’ இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் சொல்லப்படவில்லை. கோப்றா என்ற வில்லன் அந்தச் சிப்புக்காக, கலியாணம் நெருங்கும் நேரத்தில் மணப்பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் ஒரு களஞ்சியத்தில் கதிரையோடு கட்டிவைக்கிறான். கிருஷ் மூன்று இடங்களில் மூன்று கூட்டங்களை அடித்து வீழ்த்துகிறான். யாரோ ஒருவர் தொலைபேசியில் களஞ்சியத்தின் விலாசத்தைச் சொல்கிறார். மோட்டார் சைக்கிளில் பறந்து வருகிறான். உள்ளே குண்டு, புகை. மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவன் மெதுவாக நடந்து வெளியே வர, பின்னால் களஞ்சியம் வெடிக்கிறது. திரையில் கலியாணத் தேதி.

மணப்பெண்ணுக்கு இரண்டே இரண்டு வசனங்கள். ஒன்று “கிருஷ்!” மற்றது “நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்!” பிறந்ததிலிருந்து ‘வருவியள்’ என்று சொல்லிப் பழகிய வாய், கமெராவைக் கண்டவுடன் சென்னைக்குப் போய்விட வேண்டுமாம்.

பொண்டிக்குப் போகும் ரயிலிலேயே கஜனி அறிக்கையை எழுதி முடித்தாள். மெல்லமாகச் சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் முகம் தெரியாத ஆட்களுக்கு எழுதுவதுபோலவே, பிரெஞ்சில், ஈவிரக்கமில்லாமல் எழுதினாள். வில்லனுக்கு வேண்டியது சிப் என்றால், பெண்ணைக் கடத்திய பிறகு அவன் ஏன் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை? மறந்துவிட்டானா? பணயமாக வைத்திருக்கும் பெண்ணுக்குப் பக்கத்திலேயே குண்டை வைக்கிறான். விற்கக் கொண்டுபோகும் மாட்டை வழியிலேயே கொன்றுபோடுகிற வியாபாரி இவன். மூன்று சண்டைகளையும் எந்த வரிசையிலும் மாற்றிப் போடலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. அப்படியானால் அவை கதைக்குள் இல்லை, கதைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கின்றன. தற்செயலாக ஒரு நாயகன் சிக்கலில் மாட்டலாம். தற்செயலாகவே அதிலிருந்து வெளியே வருவானென்றால் அவன் எதற்கு? தொலைபேசியில் விலாசம் சொன்னவர்தான் இந்தப் படத்தின் உண்மையான உளவாளி, பாவம், அவருக்கு ஒரு பெயர்கூட இல்லை. மணப்பெண் ஒரு பாத்திரமே அல்ல. அவளுக்குப் பதிலாக ஒரு தையல் மெசினைக் கட்டிவைத்தாலும் கதை இப்படியேதான் நடக்கும்.

கடைசி வரி: ‘வேண்டாம்’.

அனுப்பியும் விட்டாள்.

சனிக்கிழமை லாச்சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தார்கள். கடை நெருக்கமாக இருந்தது. மேசைக்கு மேசை மரக்கறிப் பைகள். கிருஷிகன் அறிக்கையைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். அவன் கோபித்துக்கொள்வான் என்று கஜனி நினைத்தாள். அவன் சிரித்தான்.

“நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா நீர் இதை உம்மடை வெள்ளையளின்ரை படம் மாதிரிப் பாத்திட்டீர்.”

“கதை எண்டால் கதைதானே?”

“இது கலியாணப் படம் கஜனி. சனம் லொஜிக் பாக்கவே வருகுது? புகை வந்தால் கை தட்டும், மோட்டச்சைக்கிள் வந்தால் விசிலடிக்கும். பிறகு சாப்பிடப் போயிடும்.”

“அப்ப ஏன் கதை எழுதினீங்கள்? புகையையும் மோட்டச்சைக்கிளையும் மட்டும் காட்டலாமே?”

அவன் ரோல்ஸை ஒரு கடி கடித்தான். “சரி, நீர்தானே இதுக்குப் படிச்சனீர். எப்பிடி மாத்தலாம், சொல்லும் பாப்பம்.”

இது அவளுக்குப் பிடித்த வேலை. தேத்தண்ணியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். சிப் கிருஷிடம் இருக்கக் கூடாது. மணப்பெண்ணிடம் இருக்க வேண்டும், அவள்தான் அதை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள். அப்படியானால் கோப்றா அவளைக் கடத்துவதற்குக் காரணம் வந்துவிடும். அவளைக் கொல்லவும் மாட்டான், குண்டும் தேவையில்லை. அவள் அவனுக்குப் பொய்யான ஓர் இடத்தைச் சொல்லி ஆட்களை அங்கே அனுப்பிவிடுகிறாள். அந்த இடத்தில் கிருஷ் காத்திருக்கிறான். இருவரும் முன்பே பேசிவைத்த திட்டம் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. ஒரேயொரு சண்டை போதும். அது எங்கே வர வேண்டுமோ அங்கே வரும்.

சொல்லிக்கொண்டு போகும்போது அவளுடைய குரலே மாறிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த மனிதர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கிருஷிகனும் கவனமாகத்தான் கேட்டான்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றான். “ஆனா எல்லாத்தையும் நீர் செய்தால், அப்ப நான் என்ன செய்யிறது?”

“நானும் செய்யிறன், நீங்களும் செய்யிறீங்கள்.”

“இல்லை, பாக்கிற சனத்துக்கு ஆர் ஹீரோ எண்டு தெரியோணுமெல்லே?”

அவன் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அது ஒரு பெரிய சிக்கலாக இருந்தது. கஜனி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அலுவலகத்தில் என்றால் அந்த இடத்தில் தாளை மூடிவைத்துவிடுவாள். இங்கே மூடிவைக்க ஏலாது, மண்டபம் எடுத்தாகிவிட்டது. “உங்கடை விருப்பம்,” என்றாள். கிருஷிகன் அறிக்கையை நான்காக மடித்து, அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணப்பெண் வரும் காட்சிகளின் படப்பிடிப்பு. ஒபர்வில்லியேயில் உடுப்பு மொத்தமாக விற்கிற ஒருவரின் களஞ்சியத்தை றொஜர் ஒருநாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தான். றொஜர் மன்னார்ப் பக்கத்தவன், கலியாண வீடியோக்காரன். ஐயர் மந்திரம் சொல்லும்போதே “ஐயா, திரும்ப ஒருக்கா” என்று சொல்லுகிற ஆள். அன்றைக்குக் கறுப்புத் தொப்பியைப் பின்புறமாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், அதனால் இயக்குநராகிவிட்டான். அலங்காரம் செய்ய ஜெனிற்றா வந்திருந்தாள். கிருஷிகனின் கூட்டாளி ஐங்கரன்தான் கோப்றா. ஓர் உணவகத்தில் சமையல் வேலை, நல்ல மனிதன். யாரோ கொடுத்த தோல் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றான்.

கதையில் ஏதாவது மாறியிருக்கும் என்று கஜனி எதிர்பார்த்தாள். மாறித்தான் இருந்தது.

“நீர் அந்த ரெண்டு வசனமும் சரியில்லை எண்டனீர்,” என்றான் கிருஷிகன். “எடுத்தாச்சு.”

“பதிலுக்கு என்ன?”

றொஜர் பெட்டி ஒட்டுகிற அகலமான ரேப் ஒன்றைக் காட்டினான். “வாயை ஒட்டிவிடுவம் தங்கச்சி. அதுதான் றியலா இருக்கும்.”

கஜனி சிரித்தாள். அவமானம் அளவுக்கு மிஞ்சினால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். சிவப்புச் சேலையோடு கதிரையில் இருந்தாள். ஐங்கரன் கயிற்றை இடுப்பிலும் கையிலும் சுற்றி நுனியைப் பின்னால் சொருகினான். கால்களை மட்டும், கமெராவுக்குத் தெரிகிறபடியால், உண்மையாகவே முடிச்சுப் போட்டான். ஜெனிற்றா ரேப்பைச் சும்மா தொட்டாற்போல ஒட்டினாள், உதட்டுச்சாயம் கெட்டுப்போகாமல்.

றொஜரும் கிருஷிகனும் வெளியே மோட்டார் சைக்கிள் வருவதைப் படம் பிடிக்கப் போனார்கள். அது வந்தது. திரும்பப் போய் மறுபடியும் வந்தது. ட்ரோனை மேலே விட்டு இன்னொரு தடவை வந்தது. கஜனி கட்டியபடியே இருந்தாள். ஒரு தடவைகூட யாரும் உள்ளே வந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, கதையிலும் அப்படித்தான்.

ஐங்கரன் மட்டும் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் இருந்து தன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தான்.

“தங்கச்சி, ஒண்டு கேட்கட்டே? நான் உங்களை ஏன் கடத்தினனான்?”

கஜனி கையை விடுவித்து ரேப்பைப் பிய்த்தாள். “சிப்புக்கு, அண்ணை.”

“ஓம், அது தெரியும். சிப்புக்குள்ளை என்ன?”

“அதைத்தான் நானும் கேட்டனான்.”

“உள்ளுக்கை என்ன இருக்கு எண்டு தெரியாமல் நான் எப்பிடிக் கோபப்படுறது?” என்றான் ஐங்கரன். உண்மையான கவலை அது. “சும்மா சத்தமாச் சிரியுங்கோ எண்டுறான் றொஜர். ஏன் சிரிக்கிறன்?”

அந்த மனிதர்களில் அவனொருவன்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான் என்று கஜனிக்குப் பட்டது. “கிருஷ் வந்தவுடனே அவரைக் கேளுங்கோ,” என்றாள். “சிப்புக்குள்ளை என்ன இருக்கு எண்டு சொல்லு, இவளை விடுறன் எண்டு கேளுங்கோ. அதுக்கு அவர் ஒரு பதில் சொல்லுவார். அதிலையிருந்து உங்களுக்குக் கோபம் வரும்.”

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

பிறகு எல்லோரும் உள்ளே வந்தார்கள். கமெராவை முக்காலியில் நிறுத்தி, றொஜர் “அக்‌ஷன்” என்றான். கிருஷிகன் கறுப்புக் கண்ணாடியோடு கதவால் நுழைந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி நின்றான். ஐங்கரன் சிரிக்கவில்லை. அமைதியாக முன்னால் வந்து கேட்டான்.

“சிப்புக்குள்ளை என்ன இருக்கு எண்டு சொல்லு. இப்பவே இவளை விடுறன்.”

கிருஷிகன் கண்ணாடியைக் கழற்றினான். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஜெனிற்றா கையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

“கட்! கட்!” என்று கத்தியது றொஜர் அல்ல, கிருஷிகன். “என்ன கதைக்கிறாய் நீ? இது எங்கை இருக்கு?”

“இல்லையடா, தங்கச்சி சொன்னவ…”

கிருஷிகன் கஜனியிடம் திரும்பினான். அவனுடைய சிரிப்பை முழுதாகத் துடைத்தெடுத்த முகத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். “நீர் சும்மா இருக்கிறதுக்குத்தானே கட்டி வைச்சிருக்கு? அதுகூடச் செய்ய ஏலாதே?” என்றான்.

றொஜர் தொண்டையைச் செருமி, “சரி, வெளிச்சம் போகுது, புகைக்கு வருவம்,” என்றான். ரேப் மறுபடியும் ஒட்டப்பட்டது. ஐங்கரன் குனிந்தபடி கயிற்றைச் சுற்றினான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

றொஜர் இரண்டு புகைக் குப்பிகளைக் கொளுத்தி மூலையில் வைத்தான். முதலில் வெள்ளையாக, அழகாகத்தான் வந்தது. கதிரைக்கு முன்னால், கதவை நோக்கித் திருப்பிய கமெரா ஓடிக்கொண்டிருந்தது. கிருஷிகன் ட்ரோன் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, எங்கே நின்று எப்படித் திரும்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குப்பி சாய்ந்து அட்டைப்பெட்டிகளுக்கு இடையில் உருண்டு போனது. புகையின் நிறம் மாறியது. பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது. உடனே களஞ்சியம் முழுவதும் காது கிழிகிற மாதிரி அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

“ஓடுங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். றொஜராக இருக்க வேண்டும், அவனுடைய தொப்பிதான் முதலில் கதவால் போனது. ஜெனிற்றா ஓடினாள். தோல் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐங்கரன் ஓடினான். கிருஷிகன் கதிரைக்குப் பக்கத்தில் நின்றான், எட்டினால் தொடுகிற தூரம். கஜனி வாய் ஒட்டியபடி அவனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அவன் நேராக அவள் கண்களைப் பார்த்தான். பிறகு குனிந்து ட்ரோன் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புகைக்குள்ளால் ஓடிப்போனான்.

கஜனி கைகளை உதறினாள். கயிறு கழன்றது. கால் முடிச்சு கழலவில்லை. குனிந்து இழுத்ததில் கதிரையோடு சரிந்து விழுந்தாள். முழங்கை சீமெந்தில் தேய்ந்தது. விழுந்தபடியே, இருமிக்கொண்டு, நகத்தால் முடிச்சைப் பிய்த்தாள். ஒரு காலணியை விட்டுவிட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் தெரிந்த பக்கம் போனாள். அவள் வெளியே வந்தபோது காவலாளி தீயணைப்பானோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார். எரிந்தது இரண்டு அட்டைப்பெட்டிகள் மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் நின்றார்கள். கிருஷிகன் ட்ரோன் பெட்டியைத் திறந்து இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ அக்கா!” என்று ஜெனிற்றா ஓடிவந்தாள். “நான் அவரோடை வந்திட்டீங்கள் எண்டு நினைச்சன்!” ஐங்கரன் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தித் தலையில் கை வைத்தான்.

கிருஷிகன் பெட்டியை மூடினான். “சும்மாதானே கட்டியிருந்தது,” என்றான். “கதவும் திறந்துதானே கிடந்தது. நீர் வருவீர்தானே?” பிறகு அவளுடைய கையைப் பார்த்துவிட்டு, “அச்சச்சோ, முழங்கை. பரவாயில்லை, மேக்கப்பிலை மறைக்கலாம்,” என்றான்.

கஜனி ரேப்பின் மிச்சத்தைக் கன்னத்திலிருந்து உரித்தாள். அறிக்கையிலே எழுதியதைவிடக் கடுமையான சொல் ஏதாவது வேண்டும்போல இருந்தது, தேடிப் பார்த்தாள், எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. ஜெனிற்றாவின் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு மெற்றோ நிலையத்துக்கு நடந்தாள். பின்னால் றொஜர், “தங்கச்சி, இன்னும் தூக்கிக்கொண்டு வாற சீன் இருக்கு!” என்று கூப்பிடுவது கேட்டது.

வீட்டில் இந்திராதேவி மகளின் முழங்கைக்கு மருந்து போட்டாள். முழுக் கதையையும் கேட்டாள். ஆனால் கலியாணம் வேண்டாம் என்று கஜனி சொன்னதும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

“நெருப்பெண்டால் ஆரெண்டாலும் ஓடுவினம் பிள்ளை. பதட்டத்திலை மூளை வேலை செய்யாது. அதுக்காக ஒரு கலியாணத்தை நிப்பாட்டுறதே? சனம் என்ன சொல்லும்?”

“அம்மா, அவர் என்னைப் பாத்தவர். பாத்திட்டுப் பெட்டியைத் தூக்கினவர்.”

“புகைக்குள்ளை உனக்கு என்ன தெரிஞ்சது? நீ சும்மாவே ஆக்களிலை பிழை பிடிக்கிறனி. அது உன்ரை வேலை. வீட்டுக்கும் அந்த வேலையைக் கொண்டுவராதை.”

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. தாயும் மகளும் ஒரு கிழமை தேவைக்கு மட்டும் கதைத்தார்கள். கிருஷிகன் இரண்டு மூன்று தரம் தொலைபேசி எடுத்தான். இந்திராதேவிதான் பேசினாள். “பிள்ளைக்குத் தடிமனும் காய்ச்சலும்,” என்று சமாளித்தாள். அவனுக்கும் அது போதுமாக இருந்தது, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு படம் வந்தது. அவன் அதை இந்திராதேவியின் கைபேசிக்கு அனுப்பியிருந்தான், ‘மாமி, பாத்திட்டுச் சொல்லுங்கோ’ என்று. அவள் அதைத் தொலைக்காட்சியில் போடச் சொன்னாள். படத்தைப் பார்த்தாலாவது மகளின் மனம் மாறும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் மூன்று கோணத்தில் வந்தது. சண்டைகள் நடந்தன. ஐங்கரன் காரணமில்லாமல் சிரித்தான். கதிரையில் கட்டிய கஜனி தெரிந்தாள். பிறகு புகை. அபாயச் சங்கின் சத்தத்தை எடுத்துவிட்டு இடிமுழக்கமான இசை போட்டிருந்தார்கள். அந்தப் புகைக்குள்ளால் கிருஷிகன், முதுகு காட்டியபடி, உயிரைக் கொடுத்து ஓடினான். உடனே அடுத்த காட்சியில், முகம் மூட முடியை முன்னால் விட்ட ஒரு சிவப்புச் சேலைக்காரியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான்.

“பாத்தியே!” என்றாள் இந்திராதேவி. “பிள்ளை உன்னை நோக்கித்தானே ஓடுது!”

கஜனிக்கு உடனேயே விளங்கிவிட்டது. றொஜரின் கமெரா முக்காலியில் நின்றபடியே ஓடியிருக்கிறது. அது பிடித்த ஓட்டத்தை எடுத்து, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னும் தூக்கிவரும் காட்சிக்கு முன்னும் செருகிவிட்டார்கள். தப்பி ஓடியது காப்பாற்ற ஓடியதாகிவிட்டது. அந்தப் படத்திலேயே உருப்படியான வெட்டு அது ஒன்றுதான். ஒரு முழுப் பொய்யை எழுப்புவதற்கு மட்டும் இவர்களுக்குக் கட்டமைப்புத் தெரிந்திருக்கிறது. தூக்கி வரப்பட்டவளின் காலைப் பார்த்தாள், செருப்பில்லாத வெறுங்கால். ஜெனிற்றா. அன்றைக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தவள்.

“திரும்ப ஒருக்காப் போடு,” என்றாள் தாய்.

கஜனி போட்டாள். ஓட்டம் வந்தது. இந்திராதேவி முன்னால் சாய்ந்தாள்.

“நிப்பாட்டு. உதென்ன கக்கத்திலை?”

“எது?”

“பெட்டி மாதிரி. ஆளைக் காப்பாத்த ஓடுறவன் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுறான்?”

தாய் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனாள். புகைக்கு மேலே, கிருஷிகன் ஓடிய திசையில், வெளியேறும் வழி என்று பச்சை விளக்குப் பலகை மங்கலாகத் தெரிந்தது. அதையும் பார்த்தாள்.

“நீ எங்கை இருந்தனி அப்ப?”

“கமெராவுக்குப் பின்னாலை, அம்மா. கட்டினபடி.”

இந்திராதேவி தொலைக்காட்சியை நிறுத்தினாள். கோபப்பட்டுக் கத்தவில்லை. முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கிருஷிகனின் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். எல்லாச் சுகமும் விசாரித்துவிட்டுச் சொன்னாள்: “நெருப்புக்குப் பயந்து ஓடினதை நான் மன்னிச்சிருப்பன் அக்கா. ஓடினதை வெட்டி ஒட்டி வீரம் எண்டு எனக்கே அனுப்பியிருக்கிறார் உங்கடை மகன். இந்தக் கதை எங்களுக்கு வேண்டாம்.” மறுபுறம் நீண்ட நேரம் சத்தம் கேட்டது. மண்டபம், சனம், மரியாதை, இந்த வயதுக்கு மேல் உன் பெட்டைக்கு யார் என்றெல்லாம். இந்திராதேவி கேட்டு முடித்து, “சரி அக்கா, வைக்கிறன்,” என்றாள்.

மோதிரத்தையும் நிச்சயத்துக்குக் கொடுத்த சேலையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வர அவர்கள் விரும்பவில்லை, பொதுவான இடமாக லாச்சப்பலைச் சொன்னார்கள். தாயோ தகப்பனோ வருவார்கள் என்று நினைத்தால் கிருஷிகனே வந்து நின்றான், நன்றாக உடுத்தி, வாசனை பூசி. இந்திராதேவி பையை அவனுடைய கையில் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பக்கத்து மரக்கறிக் கடைக்குள் போய்விட்டாள்.

அவன் மோதிரப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏதோ கேட்க நினைத்துத் தயங்கினான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று கஜனி நினைத்தாள். அப்படிக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு கணம் தடுமாறியும் போனாள்.

“உண்மையைச் சொல்லும்,” என்றான். “படம் எப்பிடி?”

அவள் அவனை வடிவாகப் பார்த்தாள். வெட்கமில்லை, கோபமில்லை, பிரிவைப் பற்றிய ஒரு கவலையும் இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

“அந்த ஓட்டம் நல்லாயிருந்தது,” என்றாள். “அதிலை நடிப்பே இல்லை.”

கிருஷிகனின் முகம் மலர்ந்துவிட்டது. “எல்லாரும் அதைத்தான் சொல்லினம்!” என்றான். “இன்ரநெற்றிலை போட்டிருக்கிறன், பொம்பிளைப் பிள்ளையள் எவ்வளவு பேர் எழுதியிருக்கினம் தெரியுமே?” கைபேசியை எடுத்துக் காட்டவும் வந்தான். கஜனி “பிறகு பாக்கிறன்,” என்று சொல்லி விலகினாள். அவன் பையை ஆட்டிக்கொண்டு சனத்துக்குள் போனான். எதிரே வந்த யாரோ ஒரு பொடியன் அவனை அடையாளம் கண்டு கை கொடுத்தான்.

மரக்கறிக் கடையில் இந்திராதேவி முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னவாம்?”

கஜனி சொன்னாள். தாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணீர் வரச் சிரித்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கஜனிக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. இப்படி ஒருவனுக்காகத் தான் சேலை பார்த்ததும், மண்டபம் பார்த்ததும், அவனுடைய பகிடிகளுக்கெல்லாம் சிரித்ததும் நினைவுக்கு வந்து அவளுக்கு உடம்பு கூசியது. தாயின் கையிலிருந்த பாரமான பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் ரயிலுக்கு நடந்தார்கள்.